வெள்ளை நிறத்துக்கு நேரே

இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்து நான்கு. காவி, தாடி, ஆசிரமம் எதுவும் கிடையாது. ஓர் அலுவலகம், இரண்டு கம்ப்யூட்டர், மத்தியானத்துக்கு மேல் அடுப்பாகிவிடும் ஓர் அறை, அவ்வளவுதான். குரு சீடரை "சார்" என்பார். சீடர் குருவை "மேடம்" என்பார்.

குருவின் பெயர் கோமதி. செயற்கைக்கோள் எடுக்கும் படங்களைப் பார்த்து, எந்த ஊரில் என்ன மண் என்று வரைபடம் போடுவது அவர் வேலை. சீடர் பாலவேசம், இருபத்தைந்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றிய வேளாண் அலுவலர். ஜனங்களுக்கு அவர் "அக்ரி சார்".

புழு விழுந்தாலும் இலை சுருண்டாலும் அக்ரி சாருக்குத்தான் போன் வரும். மழை பெய்தாலும் வரும், பெய்யாவிட்டாலும் வரும். மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில்கூட ஒருவர் கூப்பிட்டுப் பருத்திக்கு என்ன மருந்து என்று கேட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த அலுவலகத்துக்கு மாற்றல் கிடைத்தபோது பாலவேசம் செய்த முதல் காரியம், அந்த நம்பரைத் தூக்கிப் போட்டதுதான். புது நம்பர் வாங்கினார். வீட்டையும் அலுவலகத்தையும் தவிர யாருக்கும் கொடுக்கவில்லை.

"இப்பதான் மேடம் சோறு சோறா இறங்குது" என்று ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னார். மேடம் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

அது கோமதியின் பழக்கம். மணி என்ன என்று கேட்டால் ஜன்னலைத் திறந்து வெயிலைக் காட்டுவார் என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் வந்த புதிதில் பாலவேசம், "படத்துல கறுப்பாத் தெரியிறதெல்லாம் கரிசல்தானா மேடம்?" என்று கேட்டபோது, அவர் மேஜையில் இருந்த செம்மண் கட்டி ஒன்றின்மேல் தன் டம்ளர் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கட்டி நனைந்து கறுத்துப் போனது. ஈரம் இல்லாத, பயிரும் இல்லாத கோடைகாலத்துப் படத்தை ஏன் தேடி எடுக்கிறார்கள் என்பது பாலவேசத்துக்கு அரைநாள் கழித்துப் புரிந்தது.

மூன்று வருஷத்தில் நன்றாகக் கற்றுக்கொண்டார். இந்தத் தடவை முப்பத்தெட்டு ஊர்களுக்கான வரைபடத்தை முழுக்க அவரிடமே கொடுத்தார் மேடம்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பாலவேசம் அதை மேஜைமேல் விரித்தார். கரிசலுக்கு ஊதா. செம்மண்ணுக்குச் செங்கல் நிறம். இருபத்தேழு ஊர் ஊதாவாகவும் பதினோரு ஊர் செங்கலாகவும் இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆனால் அது சுவரில் மாட்டி அழகு பார்க்கிற வரைபடம் அல்ல. திங்கள்கிழமை கூட்டத்தில் வைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பொக்லைன்கள் கிளம்பும். முப்பத்தெட்டு ஊரிலும் விவசாயிகளின் காட்டில் மழைத் தண்ணீரைத் தேக்கப் பண்ணைக்குட்டை வெட்டப் போகிறார்கள். கரிசல் ஊரில் வெறுமனே வெட்டிவிட்டுப் போவார்கள், கரிசல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்மண் ஊரில் மட்டும் குட்டைக்குள் பிளாஸ்டிக் விரிப்பு போடுவார்கள். போடாவிட்டால் பெய்த மழை அன்றைக்கே உள்ளே இறங்கிப் போய்விடும். விரிப்பு எந்த ஊருக்கு உண்டு, எந்த ஊருக்கு இல்லை என்பதை இந்த நிறந்தான் சொல்லப் போகிறது.

"அறுபது இடத்துல குழி போட்டுச் சரிபார்த்தாச்சு மேடம். அறுபதும் சரி."

"அறுபதுமா?"

"நூத்துக்கு நூறு."

இதைச் சொல்லும்போது ஒரு மனிதர் சிரித்திருக்க வேண்டும். பாலவேசம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மின்விசிறிக்குக் கீழேயே நெற்றி வியர்த்தது.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"எல்லாம் சரியா இருக்கு. பிறகு ஏன் எனக்கு வயித்தைக் கலக்குது?"

கோமதி வரைபடத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார்.

"எப்பருந்து?"

"நூறுன்னு டைப் அடிச்சதுலருந்து. மூணு நாளாச்சு."

"கண்ணை மூடுங்க சார்."

"மேடம்?"

"மூடுங்க. அறுபது குழியில எது முதல்ல தெரியுது?"

பாலவேசத்துக்கு வெட்கமாக இருந்தது. வெளியே யாரோ நடந்து போனார்கள். ஆனாலும் மூடினார்.

"முப்பத்தேழு. நல்லமுத்தன்பட்டி. மாடத்தின்னு ஒரு அம்மாவோட காடு."

"அங்க என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலை. ஒரு சாண் தோண்டினோம். மண்ணு கறுப்பு. படத்துலயும் கறுப்பு. டிக் போட்டுட்டுக் கிளம்பிட்டேன்."

"பிறகு?"

"அந்தம்மா பக்கத்துலயே நின்னுச்சு. நான் கிளம்பும்போது என்னமோ சொல்ல வந்துச்சு. அடுத்த ஊருக்கு நேரமாயிட்டுது. அப்புறம் பேசுவோம்மான்னு சொல்லிட்டு ஜீப்புல ஏறிட்டேன்."

இந்த ஒரு சாண் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். குழி என்றால் இடுப்பளவு ஆழம் என்பதுதான் விதி. ஆனால் அக்கினி வெயிலில் காய்ந்த தரையில் அறுபது குழியை இடுப்பளவு தோண்ட எந்த ஆள் வருவான்? அதனால் பாலவேசம் ஒரு சுருக்குவழி கண்டுபிடித்திருந்தார். மேல்மண் படத்தோடு ஒத்துப்போனால் ஒரு சாணோடு நிறுத்திக்கொள்வது. ஒத்துப்போகாவிட்டால் மட்டும் மேற்கொண்டு தோண்டுவது.

கோமதி எழுந்தார்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஜீப். கடப்பாரையை எடுத்து வச்சிருங்க."

"மேடம், நான் கேட்டதுக்குப் பதில்?"

"கடப்பாரை, மண்வெட்டி, ஒரு கேன் தண்ணி."

அன்றைக்கு வீட்டில் பாலவேசத்துக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜீப்பை மேடமே ஓட்டினார். வழியெல்லாம் பாலவேசம் பேசிக்கொண்டே வந்தார். படம் தெளிவான படம், மேகம் இல்லாத நாள், கம்ப்யூட்டர் மூன்று தடவை ஒரே பதிலைத்தான் சொன்னது என்றெல்லாம் சொன்னார். யாருக்குச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

மாடத்தி காட்டில்தான் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒண்டி ஆள். ஒரு ஏக்கரில் மிளகாய் போட்டு அதிலேயே ஜீவனம். காட்டின் மேற்கு மூலையில் சுண்ணாம்புப் பொடியால் பெரிய சதுரம் போட்டிருந்தது. அதுதான் குட்டைக்கு அளந்த இடம். அவருடைய காட்டில் ஐந்தில் ஒரு பங்கு அந்தச் சதுரத்துக்குள் இருந்தது.

"வாங்க சார். செவ்வாய்க்கெழமன்னுல்லா சொன்னாவ?"

"இல்லம்மா. ஒரு குழி போட்டுப் பாக்கணும்."

"போடுங்க" என்றார் மாடத்தி. கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

பாலவேசம் கடப்பாரையை எடுத்துச் சதுரத்துக்கு நடுவில் குத்தினார். கறுப்பு மண் லேசாக விட்டுக்கொடுத்தது. ஒரு சாண் வரை கறுப்பு. அவருக்கு மூச்சு வந்தது. மேடத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும்" என்றார் கோமதி.

அடுத்த குத்தில் கடப்பாரை ணங் என்றது. தோள்பட்டை வரை அதிர்ந்தது. மண்வெட்டியால் அள்ளிப் பார்த்தார். செக்கச்செவேல் என்று சரளை. கீழே மறுபடி கறுப்பு வந்துவிடும் என்று நினைத்துத் தோண்டினார். முழங்கால் ஆழம் போனார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எல்லாம் சரளைதான்.

கோமதி குழிக்குள் இறங்கிக் கத்தியால் சுவரைச் சுரண்டினார். மேலே கறுப்பு, கீழே சிவப்பு, நடுவில் ஒரு கோடு.

"கோடு எவ்வளவு நேரா இருக்கு பார்த்தீங்களா சார்?"

பார்த்தார். தானாக விளைந்த மண் இப்படி மாறாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் மாறும்.

"யாரோ கொண்டாந்து போட்ட மண்ணு மேடம்" என்றார்.

"யாரோவா?" மாடத்தி சிரித்துவிட்டார். "நாங்கதான் போட்டோம். குளத்துக் கரம்பை, அடியில படிஞ்ச கறுப்பு வண்டலு. மூணு கோடை டிராக்டர் வச்சு அடிச்சோம். நான் மட்டுமா, ஊரே அடிச்சுது. எங்கூரு பூராவும் செவக்காடுதான சார்."

"எதுக்கும்மா ஊரே சேர்ந்து..."

"எதுக்கா? நல்லாருக்கே கதை. நீங்கதான வந்து மைக்கப் புடிச்சுச் சொன்னீய? கோயில் வாசல்ல வச்சு. குளத்துக் கரம்பைய அள்ளிப் போடுங்க, செவக்காடு தேறிரும்னு. தேறத்தான் செஞ்சுது. அதுக்கு ஒரு கும்புடு போடணும்னு இருந்தேன்."

பாலவேசத்துக்கு அந்தக் கூட்டம் ஞாபகம் இல்லை. அந்தப் பேச்சு மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. எத்தனையோ ஊரில் பேசிய பேச்சு. யாரும் கேட்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேதான் பேசுவார். கேட்டிருக்கிறார்கள். ஒரு ஊரே கேட்டு, மூன்று கோடை மண் சுமந்து, சிவப்பைக் கறுப்பாக்கியிருக்கிறது. அதைச் செயற்கைக்கோள் மேலேயிருந்து பார்த்துக் கறுப்பு என்றது. அவரும் அறைக்குள் உட்கார்ந்து கரிசல் என்று ஊதா அடித்துவிட்டார். தான் சொல்லிப் போட வைத்த மண் தனக்கே அடையாளம் தெரியவில்லை என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது.

"அன்னைக்கே சொல்ல வந்தேன்" என்றார் மாடத்தி. "நீங்க ஜீப்புல ஏறிட்டீய. சரி, போன்ல சொல்லிருவோம்னு போட்டேன். நாலு நாளு போட்டுப் பாத்தேன். இந்த நம்பர் உபயோகத்தில் இல்லைன்னு ஒருத்தி சொல்லிக்கிட்டே இருக்கா."

இடுப்பிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். அக்ரி சார் என்று போட்டு அந்தப் பழைய நம்பர் இருந்தது. கோமதி அந்த நம்பரைப் பார்த்தார், குழியைப் பார்த்தார்.

"ஏன் சார் மொகம் ஒரு மாதிரி ஆயிட்டுது? குட்டை வெட்டுவாவல்லா?"

பாலவேசம் சொன்னார். இந்த ஊர் கரிசல் என்று இருப்பதால் விரிப்பு வராது, வெறும் குழிதான் வெட்டுவார்கள் என்றார். சொல்லச் சொல்ல மாடத்தியின் சிரிப்பு போய்விட்டது.

"விரிப்பு இல்லாம இதுல தண்ணி நிக்குமா?"

"கொஞ்சம்... நிக்கும்மா..."

மாடத்தி வேப்பமரத்தடிக்குப் போய் அங்கே வைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அம்மா, ஜீப்புல தண்ணி இருக்கு" என்றார் கோமதி.

"இருக்கட்டும். என் காடு, என் தண்ணி. நான்லா பாக்கணும்."

அந்த ஊருக்குக் குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குழிக்குள் ஊற்றினார். அடியில் தண்ணீர் தேங்கி ஆடியது. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நில்லு, நில்லு என்று பாலவேசம் மனதுக்குள் கெஞ்சினார். தண்ணீரின் ஓரம் சுருங்கியது. சரளைக் கற்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் ஈரம் மட்டும் இருந்தது.

மாடத்தி காலிக் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"வெட்டுத எடத்துல மூணு வருசத்துக் கரம்பையும் போயிரும். தண்ணியும் நிக்காது. அப்ப எனக்கு என்ன மிச்சம் சார்? பள்ளந்தான?"

"மாத்திருவோம்மா. கண்டிப்பா மாத்திருவோம்."

"விரிப்போட வந்தா வெட்டட்டும். இல்லன்னா என் மண்ணத் தொடக்கூடாது. ஆனா அந்த வண்டிக்காரன் காலையில வந்து நின்னு, எனக்குக் குடுத்த தாள்ல இப்படித்தான் இருக்குன்னு சொன்னா நான் என்ன செய்ய? யாரக் கூப்புட?"

"ஆபீசுக்கு..." என்று பாலவேசம் இழுத்தார்.

கோமதி ஜீப்பிலிருந்து கேனை எடுத்து வந்து மாடத்தியின் குடத்தை நிரப்பிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் பாலவேசந்தான் ஆரம்பித்தார்.

"மேடம், ஒரு யோசனை."

"ம்."

"நல்லமுத்தன்பட்டியை மட்டும் செங்கல் நிறத்துக்கு மாத்திருவோம். அந்தம்மாவுக்கு விரிப்பு வந்துரும். அறுபதுக்கு ஐம்பத்தொன்பது. தொண்ணூத்தெட்டு பர்சென்ட். யாரும் ஒரு வார்த்தை கேக்கமாட்டாங்க."

கோமதி ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"மத்த ஐம்பத்தொன்பதுல எத்தனை குழி ஒரு சாணுக்குக் கீழ போச்சு?"

பாலவேசம் வெளியே சாலையைப் பார்த்தார்.

"சார்."

"ஒண்ணுகூடப் போகலை மேடம். எல்லாம்தான் படத்தோட ஒத்துப்போச்சே."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. படம் எந்த மண்ணைப் பார்த்ததோ, அதே மண்ணைத்தான் அறுபது இடத்திலும் குனிந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? மாடத்தி மாதிரி இன்னும் எத்தனை பேர் காட்டில் சுண்ணாம்புச் சதுரம் போட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தார்.

"குழிச் சீட்டு வாராவாரம் என் மேஜைக்குத்தான் வந்துச்சு" என்றார் கோமதி. "ஆழம்னு ஒரு கட்டம் இருக்கு. எல்லாத்துலயும் இருபது சென்டிமீட்டர்னு எழுதியிருந்தீங்க. நானும் பார்த்தேன். கேக்கலை."

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் சாலையையே பார்த்தார். மூன்று வருஷத்தில் மேடம் பயந்து அவர் பார்த்ததில்லை. அது அவருடைய பயத்தை இரண்டு மடங்காக்கியது.

கோமதியின் போன் அடித்தது. மேலதிகாரி. மேப் தயாரா என்று கேட்டார்.

"திங்கக்கிழமை காலையில உங்க கையில இருக்கும் சார்" என்று சொல்லி வைத்தார் கோமதி.

"எப்படி மேடம் இருக்கும்? இன்னைக்கு வெள்ளி! முப்பத்தெட்டு ஊரு! எங்கெல்லாம் கரம்பை அடிச்சிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்? எந்தப் படத்துல தெரியும்? எதை வச்சுக் கண்டுபிடிக்க?"

கோமதி ஜீப்பைக் கிளப்பினார்.

"எந்தெந்த ஊர்ல மைக்கப் பிடிச்சீங்க சார்?"

பாலவேசம் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஊதா ஊர்களில் பதினான்கு வந்தது, நல்லமுத்தன்பட்டியையும் சேர்த்து. ஜீப் அலுவலகத்துக்குப் போகும் சாலையை விட்டு இடதுபக்கம் திரும்பியது.

மூன்று நாளும் தோண்டினார்கள். இந்தத் தடவை இடுப்பளவு. ஆள் கிடைத்த ஊரில் ஆள் தோண்டினார்கள், கிடைக்காத ஊரில் குருவும் சீடரும் மாறி மாறித் தோண்டினார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு சாண் தாண்டும்போது பாலவேசம், ணங் என்ற சத்தம் வந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். பாதிக்கு மேல் வந்தது. அப்படி வராத முதல் ஊரில் இடுப்பளவுக்கும் கறுப்பு, அதற்குக் கீழேயும் கறுப்பு. அந்தக் குழிக்குள்ளேயே உட்கார்ந்து ஈர மண்ணைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். மேடம் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் ஏறி வந்தார்.

எல்லா ஊரிலும் ஜனங்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"அக்ரி சார், எங்க போயிட்டீய? போன் போட்டா கெடைக்கவே இல்லையே?"

முதல் இரண்டு ஊரில் அவர் ஏதோ சமாளித்தார். பிறகு சமாளிக்கவில்லை. சும்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். பாலவேசத்தின் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். மௌஸைப் பிடிக்கும்போது எரிந்தது. நல்லமுத்தன்பட்டியை முதலில் மாற்றினார். ஊதா போய்ச் செங்கல் வந்தது. மாடத்தியின் குட்டைக்கு இனி விரிப்பு உண்டு. இன்னும் எட்டு ஊர் அதே மாதிரி மாறியது. தோண்டிய மற்ற ஐந்தும் நிஜமான கரிசல்.

மாற்றி முடித்த பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மேடம், வியாழக்கிழமை ஒண்ணு கேட்டேன்."

"கேட்டீங்க."

"இப்பவும் கலக்குது மேடம். அன்னைக்கவிட ஜாஸ்தியா."

"எந்தெந்த ஊருக்கு?"

பாலவேசம் திரையில் தேடினார். தோண்டாத ஊதா இன்னும் பதின்மூன்று இருந்தது. ஆறு ஊரில் குளமே கிடையாது, கரம்பைக்கு வழியில்லை. மீதியில் குளம் இருந்தது. அங்கே அவர் பேசவில்லை. வேறு யாராவது மைக்கைப் பிடித்திருக்கலாம், பிடிக்காமலும் இருந்திருக்கலாம்.

"ஏழு ஊருக்கு."

"அந்த ஏழுலயும் ஊதாவை எடுத்துருங்க."

"எடுத்துட்டு?"

"வெள்ளையா விடுங்க."

பாலவேசம் திடுக்கிட்டார். வெள்ளையா? கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால், ஏழு இடத்தில் ஓட்டை விழுந்த வரைபடமா? மூன்று வருஷம் படித்தது இதற்குத்தானா என்று கேட்க மாட்டார்களா? கேட்பார்கள். ஆனால் மாடத்தியின் குடம் காலியாக இடுப்பில் இருந்தது அவர் கண்முன் வந்தது. ஒவ்வொன்றாக அழுத்தினார். ஏழு ஊரும் வெள்ளையாயின.

வரைபடத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு. எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று அதில் எழுத வேண்டும். ஊதா: கரிசல், விரிப்பு வேண்டாம். செங்கல் நிறம்: செம்மண், விரிப்பு வேண்டும். வெள்ளைக்கு நேரே கர்சர் கோடு மட்டும் மினுங்கிக்கொண்டு நின்றது.

பாலவேசம் "தகவல் இல்லை" என்று டைப் அடித்தார். கோமதி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அழித்தார்.

"ஆய்வு நிலுவையில் உள்ளது" என்று அடித்தார். கோமதி அதற்கும் தலையை ஆட்டினார். அதையும் அழித்தார்.

"மேடம், செவ்வாய்க்கிழமை காலையில பொக்லைன் டிரைவர் இந்தத் தாளைக் கையில வச்சுக்கிட்டு அந்த ஊர்ல நிப்பாரு. பக்கத்துல மாடத்தி மாதிரி ஒருத்தங்க நிப்பாங்க. வெள்ளையைப் பார்த்தா அவங்களுக்கு என்ன விளங்கும்? வெட்டவா, வேண்டாமான்னு யாருட்டப் போய்க் கேப்பாங்க? என்னதான் எழுத நான்?"

கோமதி நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க போன் நம்பரை எழுதுங்க சார். அதுக்குக் கீழ என்னோடது."